புனா நகரத்துச் செங்கல்காரர்

பகைவனைக் கொல்லாமல் விட்டு, ஆனால் ஆயுள் உள்ளவரையில் அவன் நாலு பேர் முன்னிலையில் தலை நிமிர முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று எண்ணிய அரசர்கள் நம் தேசத்தில் கையாண்ட தண்டனைகளுள் மூக்கறுத்தல் மிகப் பழமையானது. சூர்ப்பணகையின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது காவியக் கற்பனையாகத் தோன்றக்கூடும். ஆனால் மதுரை மன்னர் திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ச் சேனை சத்தியமங்கலத்துச் சீமைக்குள் புகுந்து, ஆண் பெண் என்ற பேதமின்றி அகப்பட்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்துத் தங்கள் அரசனுக்கு அனுப்பியதையும், பின்னர் ராமநாதபுரத்துச் சேதுபதியின் துணையோடு எழுந்த மதுரைச் சேனை மைசூர்ச் சீமைக்குள் நுழைந்து அதே கைங்கரியத்தை வட்டியும் முதலுமாகத் திருப்பிச் செய்ததையும் அக்காலத்துப் பாதிரிமார்களின் கடிதங்கள் விவரிக்கின்றன. அதற்கு மூக்கறு யுத்தம் என்றே பெயர்.

அறுக்கிற கைகள் இவ்வளவு மலிந்திருந்த தேசத்தில் ஒட்டவைக்கிற கைகளும் தோன்றியது இயல்பே. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் சில நூற்றாண்டுகளுக்குள் இன்றைய உருவத்தை அடைந்ததாகக் கருதப்படும் சுசுருத சம்ஹிதையில் இந்தச் சிகிச்சை சுருக்கமாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. இழந்த மூக்கின் அளவுக்கு ஒரு மரத்தின் இலையை நறுக்கிக்கொண்டு, அந்த அளவுக்குக் கன்னத்துச் சருமத்தை, ஒரு பக்கம் உடம்போடு ஒட்டியிருக்கும்படியே கிளப்பி, மூக்கின் அடிப்பாகத்தைக் கீறிப் புண்ணாக்கி அதன்மேல் பொருத்தி, சுவாசத்துக்காக இரண்டு குழல்களைச் செருகி, அதிமதுரம் முதலியவற்றின் தூளைத் தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெய் விட்டு வரவேண்டும் என்பது அதன் விதி. சருமத்தை முழுவதும் அறுத்தெடுக்காமல் ஒரு பக்கம் உயிரோடு விட்டுவைப்பதில்தான் இந்த வித்தையின் ஜீவநாடி இருக்கிறது. ரத்த ஓட்டத்தின் தத்துவம் எவராலும் வகுத்துரைக்கப்படாத காலத்திலேயே அதன் பலனைக் கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

இனி, உலகம் அறிந்த சம்பவத்துக்கு வருவோம். திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாம் மைசூர் யுத்தத்தில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் 1792-ல் சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டார். அவரது மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷ காலம் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவுக்கு அருகில் வசித்த, செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். அங்கே இருந்த ஆங்கில வைத்தியர்கள் இருவர் அந்தச் சிகிச்சையைக் கண்ணாரக் கண்டார்கள். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற சித்திரக்காரர் பத்து மாதம் கழித்துக் காவஸ்ஜியின் முகத்தைப் படமாக எழுதினார். லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மாகசின்' என்ற பத்திரிகை 1794 அக்டோபரில் படத்தையும் வர்ணனையையும் சேர்த்து அச்சிட்டது.

அந்த வர்ணனையைப் படிப்பவருக்கு, ஒரு தேர்ந்த கொத்தனாரோ தட்டாரோ வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலவே இருக்கும். முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் மிச்சத்தின்மேல் வைத்து மூக்கின் உருவமாகப் பிடித்து, பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் பதித்து, சுற்றிலும் கோடிட்டுக்கொண்டு, கோட்டுக்குள் அகப்பட்ட சருமத்தை உரிக்கிறார். இரண்டு கண்களுக்கும் நடுவில் மட்டும் ஒரு சிறு துண்டு பாலம் போல விடப்படுகிறது. அப்பால் அந்தச் சருமத்தைத் திருகிக் கீழே இறக்கி, மூக்கின் அடியில் புதிதாகக் கீறிய பிளவுக்குள் அதன் ஓரங்களைப் பொருத்துகிறார். நம் வீடுகளில் வெற்றிலையோடு மெல்லுகிற காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதே அவர் போட்ட கட்டு; துவர்ப்புள்ள அந்தப் பொருள் பசையாகவும் மருந்தாகவும் இருந்தது. நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் நாசித் துவாரங்கள் மூடிக்கொள்ளாதபடி மெல்லிய துணியைச் செருகுவார்கள். பாலத்தை அறுப்பது சுமார் இருபத்தைந்தாம் நாளில். இவ்விதம் வைத்த மூக்கு உறுதியாக நிற்கிறது என்றும், பார்வைக்கு இயற்கை மூக்கைப் போலவே இருக்கிறது என்றும், நெற்றித் தழும்பும் நாளடைவில் மங்கிவிடுகிறது என்றும் பத்திரிகை சொல்கிறது. மயக்க மருந்து உலகில் இல்லாத காலம் அது என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பாவுக்கு இந்த வித்தை முற்றிலும் புதிதன்று. இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பேராசிரியர் தல்யகோட்ஸி, மேற்கையின் சருமத்தைக் கிளப்பி மூக்கோடு தைத்து, அது பற்றிக்கொள்ளும் வரையில் கையைத் தலையோடு சேர்த்து வாரக்கணக்கில் கட்டிவைக்கும் முறையை 1597-ல் பெரிய புத்தகமாகவே எழுதியிருந்தார். ஆனால் அவருக்குப் பின் அம்முறை வழக்கொழிந்தது. இரவல் சதையில் செய்த மூக்கு, சதையைக் கொடுத்தவன் செத்த அன்றே விழுந்துவிடும் என்ற கேலிக்கதைதான் மிஞ்சியது. ஆகவே புனாச் செய்தி லண்டன் வைத்தியர்களைத் தூக்கிவாரிப் போட்டது. ஜோசப் கார்ப்யூ என்பவர் பிணங்களில் பலகாலம் பழகிப் பார்த்துவிட்டு, 1814 அக்டோபர் 23-ல் ஒரு ராணுவ அதிகாரிக்கு நெற்றிச் சருமத்தால் மூக்கு வைத்தார். மற்றோர் அதிகாரிக்கும் அவ்வாறே செய்து, இரண்டையும் 1816-ல் நூலாக வெளியிட்டார். பெர்லினில் கிராஃபே என்ற வைத்தியர் 1818-ல் இதே விஷயமாக எழுதிய நூலோடு இந்தக் கலை ஐரோப்பாவில் நிலைபெற்றுவிட்டது.

நம்மவர்களில் பலர் இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது சுசுருதரிடமிருந்து ஒரே தாவலாக லண்டனுக்குப் போய்விடுகிறார்கள். அது நியாயமன்று. சுசுருத சம்ஹிதை கல்கத்தாவில் அச்சேறத் தொடங்கியதே 1835-ல்தான். கார்ப்யூவின் கத்திக்கு வழிகாட்டியது கிரந்தமல்ல, செங்கல்காரரின் கை. கிரந்தம் சொன்ன கன்னத்தை விட்டு நெற்றிச் சருமத்தை எடுத்ததும் அந்தக் கையே. சாஸ்திரம் படித்தவர்கள் ரத்தத்தையும் சீழையும் தொடுவது தீட்டென்று ஒதுங்கிய காலத்தில், களிமண்ணைப் பிசைந்தவர்கள் தந்தைக்குப் பின் மகனாக இதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். காவஸ்ஜியின் பெயரும், படம் எழுதியவரின் பெயரும், வேடிக்கை பார்த்த வைத்தியர்களின் பெயரும் அச்சில் நிற்க, மூக்கு வைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செங்கல்காரரின் முறையில் ஒரு குறையும் இருந்தது. உட்புறம் புண்ணாகவே விடப்பட்டமையால், ஆறும்போது சருமம் சுருங்கி, மூக்கும் வரவரக் குறுகியது. ஜூனாகத் சமஸ்தானத்தில் கொள்ளைக்காரர்களிடம் மூக்கிழந்தவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மூக்குகள் வைத்த டாக்டர் திரிபோவன்தாஸ் 1889-ல் தம் அனுபவத்தை நூலாக்கினார். இந்தூரில் இருந்த கீகன் என்ற வைத்தியர், மூக்கின் மிச்சச் சருமத்தையே உட்புறமாக மடித்து அந்தச் சுருக்கத்துக்குப் பரிகாரம் தேடினார். இக்காலத்து வைத்தியர்கள் உள்ளே சவ்வும் நடுவே குருத்தெலும்பும் வைத்துக் கட்டுகிறார்கள். ஆயினும் புற்றுநோய்க்கு மூக்கின் பெரும்பகுதியைப் பறிகொடுத்தவருக்கு வெளிச் சருமம் இன்றும் நெற்றியிலிருந்தே இறங்குகிறது. புருவத்தின் அருகே விட்ட பாலத்தைச் சுமார் மூன்று வாரம் பொறுத்தே அறுக்கிறார்கள்.