வேலை பார்த்தது 32 வருஷம், கணக்கில் வந்தது 28! அரசு ஊழியர்களின் 'தகுதிப் பணிக்காலம்' என்றால் என்ன?

அரசு அலுவலகம் ஒன்றில் 1994-ல் தினக்கூலியாகச் சேருகிறார் ஒருவர். 2002-ல் பணி நிரந்தரம் ஆகிறது. 2026-ல் 60 வயது முடிந்து ஓய்வு. மொத்தம் 32 வருஷம். தமிழ்நாட்டில் முழு ஓய்வூதியத்துக்கு 30 வருஷம் போதும் என்பதால் இவருக்கு முழு பென்ஷன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள்.

ஆனால் விதிப்படி இவருடைய கணக்கு 28 வருஷம்தான். தினக்கூலியாக இருந்ததற்கான பதிவு சரியாக இல்லாவிட்டால் அது 24 வருஷமாகவும் ஆகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த நாளுக்கும் ஓய்வு பெறும் நாளுக்கும் இடையில் இருக்கும் மொத்தக் காலம் அப்படியே ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. அதில் விதிகள் ஏற்கும் பகுதிக்குப் பெயர்தான் 'தகுதிப் பணிக்காலம்'. 1978-ம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் இதைத் தீர்மானிக்கின்றன. 2003 ஏப்ரல் 1-க்கு முன் முறையான பணியில் சேர்ந்தவர்களுக்குத்தான் இந்த விதிகள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் போய்விட்டதால் அவர்கள் கதை தனி.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஓய்வூதியக் கணக்கு வருஷத்தில் அல்ல, அரையாண்டுகளில் ஓடுகிறது. 30 வருஷம் என்றால் 60 அரையாண்டு. கடைசியாக வாங்கிய சம்பளம், கடைசி 10 மாதச் சராசரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதில் பாதிதான் முழு ஓய்வூதியம். 60 அரையாண்டுக்குக் குறைந்தால் அந்த விகிதத்துக்கு ஏற்பத் தொகையும் குறையும்.

மேலே சொன்ன ஊழியருக்குக் கடைசி சம்பளம் ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். முழு ஓய்வூதியம் ரூ.30,000. 28 வருஷம் ஏற்கப்பட்டால் 56 அரையாண்டு, கைக்கு வருவது ரூ.28,000. வெறும் 24 வருஷம்தான் என்றால் 48 அரையாண்டு, ரூ.24,000. மாசம் 4 ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அகவிலைப்படி இந்தத் தொகையின் மேல்தான் கணக்கிடப்படும் என்பதால் இடைவெளி வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு பதிவு விடுபட்டதற்காக ஆயுள் முழுக்க இந்த இழப்பு!

மிச்சம் இருக்கும் மாதங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 3 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஓர் அரையாண்டாக எடுத்துக்கொள்ளப்படும். 27 வருஷம் 2 மாதம் என்றால் 54 அரையாண்டு. ஒரு மாதம் கூடி 27 வருஷம் 3 மாதம் ஆனால் 55. விருப்ப ஓய்வுக்குத் தேதி குறிப்பவர்கள் காலண்டரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தபட்சம் 10 வருஷத் தகுதிப் பணிக்காலம் வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பலரும் இதைக் கேட்டுப் பதறுகிறார்கள். உண்மையில் 2003-க்கு முன் சேர்ந்து இன்றைக்கும் பணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கவலைப்பட வேண்டியது 30-ஐத் தொடுகிறோமா என்பதைப் பற்றித்தான்.

தினக்கூலிக் காலம் பாதிதான், ஏன்?

விதி எண் 11-ல் இருக்கிறது பதில். சில்லறைச் செலவினத்தில் சம்பளம் வாங்கியவர்கள், தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி என இருந்தவர்கள் பின்னர் முறையான பணிக்குள் எடுக்கப்பட்டால், முந்தைய காலத்தில் பாதி சேர்த்துக்கொள்ளப்படும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அது முழுநேர வேலையாக இருந்திருக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் வந்து பெருக்கிவிட்டுப் போன பகுதிநேரப் பணி இதில் வராது. முறையான பணிக்குள் வந்தபோது இடையில் முறிவும் இருக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. நிரந்தரம் ஆனது 2003 ஏப்ரல் 1-க்கு முன்பா, பின்பா? இந்தக் கேள்வி பல வருஷம் நீதிமன்றத்தில் இழுபட்டது. வெவ்வேறு அமர்வுகள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னதால், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2019-ல் இதை எடுத்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு முன் நிரந்தரம் ஆனவர்களுக்குப் பாதிக் காலம் உண்டு, அதன்பின் ஆனவர்களுக்கு இல்லை என்று முடிவானது. ஒரே நாளில் தினக்கூலியாகச் சேர்ந்த இரண்டு பேரில், ஃபைல் சீக்கிரம் நகர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், தாமதமானவருக்கு இல்லை என்ற நிலை. இதில் ஊழியர் செய்த தவறு எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம்.

லீவு எடுத்தால் குறையுமா?

சம்பளத்தோடு எடுக்கும் எந்த விடுப்பும் தகுதிப் பணிக்காலத்தைக் குறைக்காது. ஈட்டிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு எல்லாம் முழுசாகச் சேரும். சிக்கல் 'லாஸ் ஆஃப் பே' என்று பேச்சில் சொல்லப்படும் அசாதாரண விடுப்பில்தான். மருத்துவச் சான்றோடு எடுத்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். சொந்தக் காரணத்துக்காக எடுத்திருந்தால் பொதுவாக வராது. ஆகவே உடம்பு முடியாமல் எடுத்த விடுப்பு, பதிவேட்டில் 'சொந்தக் காரணம்' என்று ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தவர்கள், விசாரணையில் முழுமையாக விடுவிக்கப்பட்டால் அந்தக் காலம் சேரும். மற்றபடி, விசாரணையை முடித்து வைக்கும் ஆணையில் 'இந்தக் காலம் கணக்கில் கொள்ளப்படும்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

ராஜினாமாவா, விருப்ப ஓய்வா?

இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கடிதம் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணி முழுவதும் ஓய்வூதியத்துக்கு இல்லாமல் போய்விடும். 25 வருஷம் வேலை பார்த்திருந்தாலும் அதே கதிதான். விருப்ப ஓய்வுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 20 வருஷத் தகுதிப் பணிக்காலம் இருக்க வேண்டும். 3 மாத நோட்டீஸ் கட்டாயம். கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் வருமானமே அடங்கியிருக்கிறது.

ராஜினாமாவில் ஒரு விதிவிலக்கு உண்டு. முறைப்படி துறையின் அனுமதி பெற்று விண்ணப்பித்து, வேறொரு அரசுப் பணியில் சேருவதற்காக விலகினால் பழைய சேவை அறுபடாது. அனுமதி பெற்றதற்கான ஆணையைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

60 வயது யாருக்கு லாபம்?

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. தாமதமாக அரசு வேலை கிடைத்தவர்களுக்கு இது நிஜமான உதவி. 26 வருஷத்தோடு வெளியே போக வேண்டியவர் 28 வருஷத்தோடு போகிறார். கடைநிலை ஊழியர்களுக்கு முன்பிருந்தே 60 என்பதால் அவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். ஆனால் 1-ம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தைய மாதக் கடைசியே ஓய்வு. ஜூன் 1 பிறந்தவர் மே 31-லேயே விடைபெற வேண்டும்.

இன்னொரு குழப்பம் வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களால் வருகிறது. மத்திய அரசின் பழைய ஓய்வூதியத்தில் 10 வருஷம் முடித்தாலே கடைசி சம்பளத்தில் பாதி கிடைக்கும். மத்திய அரசு 2025 ஏப்ரலில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அதற்கு 25 வருஷம் தேவை. இந்த எண்களை மாநில அரசு ஊழியர் தன் கணக்கில் போட்டுப் பார்த்து ஏமாறக்கூடாது.

இப்போதே என்ன செய்யலாம்?

பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர்., ஊழியர் பார்க்கக் கூடாத ரகசிய ஆவணம் அல்ல. அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முதல் நியமன ஆணை, பணி நிரந்தர ஆணை, ஒவ்வொரு ஆண்டுக்கும் பணி சரிபார்ப்புக் கையெழுத்து, அசாதாரண விடுப்பு ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் காரணம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷத்துக்குச் சரிபார்ப்புக் கையெழுத்து இல்லை என்றால், அப்போதிருந்த அலுவலகத்தின் சம்பளப் பட்டியலைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். 20 வருஷத்துக்கு முந்தைய பட்டியலை ஓய்வுக்கு முந்தைய மாதம் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஓய்வூதியக் கோப்பு சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போனபிறகு கேள்வி கேட்டுத் திரும்பி வந்தால், முதல் பென்ஷன் தள்ளிப்போகும்.

பிறந்த தேதியையும் கையோடு பார்த்துவிட வேண்டும். அதைத் திருத்தப் பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது 'ஸ்கூலில் வயசு கூட்டிப் போட்டுட்டாங்க' என்று மனு கொடுத்தால் ஏற்கமாட்டார்கள்.