சுவருக்கு வந்த வசனம்

எங்கள் வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே 'சிவமயம்' என்று எழுதியிருக்கும். முஸ்லிம் அன்பர்களின் வீடுகளில் அறபு எழுத்துப் பொறித்த சட்டகம் தொங்கும். மன்னார்க் கரையோரத்து வங்காலையில் அதே இடத்தில் ஒரு வேதவசனத்தைக் கண்டேன். யுத்தம் ஓய்ந்தபின், ஆசிரிய பயிற்சியில் உடனிருந்த நண்பர் மகளின் முதல்நன்மைக்கு அழைத்திருந்தார். புனித ஆனாள் ஆலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்குப் போனோம். வாசலில் ஒரு வசனம். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒன்று. அறைக் கதவில், நாட்காட்டி அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய இன்னொன்று. தமிழ் படிப்பிப்பவனின் கண் சும்மா இருக்குமா? ஒன்றிலே 'கர்த்தர்' என்றிருந்தது, மற்றதிலே 'ஆண்டவர்'.

"இது பரம்பரை வழக்கமோ அம்மா?" என்று நண்பரின் தாயாரைக் கேட்டேன்.

"இல்லைத் தம்பி. எங்கட அம்மம்மா காலத்தில சுவரில சுரூபமும் படமுந்தான். வசனம் பிறகு வந்தது."

அந்தப் 'பிறகு' என்ற சொல்லுக்குள்ளே நானூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் கிடக்கிறது.

வாசல் நிலையில் இறைவார்த்தையை எழுதிவைக்கும்படி உபாகமத்தின் 6ஆம் அதிகாரமே சொல்கிறது. யூதர்கள் இன்றும் அதைத் தோற்சுருளில் எழுதி, சிறு கூட்டிலிட்டு, கதவு நிலையில் பதிக்கிறார்கள். மன்னார்க் கத்தோலிக்கருக்கோ வேதம் கண் வழியாக வரவில்லை. காது வழியாக வந்தது. 1544இல் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் இங்கே பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அதே ஆண்டில் சங்கிலி மன்னன் அவர்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தான். 1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று அவர்கள் கட்டளை பிறப்பித்தார்கள். அந்நாளில் சுவரில் எதையாவது மாட்டிவைப்பது தன்னைத்தானே காட்டிக்கொடுப்பதாகவே முடிந்திருக்கும்.

தமிழ் வேதாகமத்தை முதலில் அச்சேற்றியவர்கள் சீர்திருத்தச் சபையார். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. கொழும்பில் ஒல்லாந்தர் 1759இல் அச்சிட்டனர். (எங்கள் ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து வேதாகமத் தமிழுக்கு உழைத்தவர் என்று மாணவருக்குச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமை.) கத்தோலிக்கருக்கு அந்த அச்சுப் புத்தகம், தம்மை ஒடுக்கியவரின் கைப்பொருள். அவர்களுக்கு வாய்த்தவர், 1705இல் மன்னாரில் வந்திறங்கிய கோவா தேசத்து யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. அவர் தமிழ் கற்று எழுதிய 'வியாகுலப் பிரசங்க'த்தைத் தவக்காலத்தில் ஒருவர் இராகத்தோடு வாசிக்க, ஊர் கூடியிருந்து அழும். கூத்தும் அப்படித்தான். எழுத்தறியாதவர்களும் வேதமறிந்தார்கள்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் எல்லோரும் வேதத்தை வாசிக்க வேண்டுமென்றது. 1995இல் இரு சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த 'திருவிவிலியம்' வெளிவந்தது. நண்பர் வீட்டுச் சுவரின் 'கர்த்தர்' பழைய புரட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பின் சொல். 'ஆண்டவர்' கத்தோலிக்க வழக்கு. இரண்டும் ஒரே வீட்டுச் சுவரில் இருப்பது, 1658இல் நினைக்கவும் முடியாத காரியம்.

ஆனால், வசனம் சுவருக்கு வந்த காலமே சுவர்கள் நிலைக்காத காலமுமாயிற்று. 1985 ஜனவரி 6இல் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் ஆலய வளவிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இல் மன்னார்க் கரையிலிருந்து பலர் படகேறி இராமேஸ்வரம் போயினர். 2006 ஜூனில் பிள்ளைகளோடு ஒரு குடும்பமே இவ்வூரில் வீட்டுக்குள் கொல்லப்பட, மறுபடியும் படகு.

அறைக் கதவிலிருந்தது 91ஆம் திருப்பாடல். ஆபத்தில் காக்கப்படுவதைப் பாடுவது. "இடம்பெயரேக்க இதையும் கொண்டு போனீங்களோ அம்மா?" என்றேன்.

"எதைக் கொண்டு போறது தம்பி? பிள்ளையளைத் தூக்கவே கை காணாது. தொண்ணூறில படகுக்குள்ள பாடமாச் சொல்லிக்கொண்டு போனன். வந்து பார்த்தா வீடே இல்லை. இது பிறகு கட்டினது, இந்த அட்டையும் பிறகு ஒட்டினதுதான்."

வெள்ளைச் சட்டையோடு நின்ற பேத்தி, இந்துக் கல்லூரி வாத்தியாருக்குத் தன் வாசிப்பைக் காட்ட விரும்பினாள் போலும். கதவடிக்குப் போய் உரக்க வாசித்தாள். நடுவில் ஒரு சொல்லில் தடக்கினாள். குசினிக்குள் வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்த கிழவி, திரும்பிப் பாராமலே அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தார்.