கால்நடை மருத்துவக் கணினி விளையாட்டுகள்

நோயுற்ற விலங்கைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கும் பாவனை விளையாட்டுகள். 1995இல் வந்த ‘டாக்ஸ்’, 2005இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘நிண்டெண்டாக்ஸ்’ ஆகியவை செல்லப்பிராணியை வளர்த்துப் பழக்குவதை மையமாகக் கொண்டவை. மருத்துவ விளையாட்டுகளோ பரிசோதனை மேசைக்கே அழைத்துச் செல்கின்றன. அமெரிக்காவின் லெகசி இன்டராக்டிவ் நிறுவனம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் ‘ஜூ வெட்’ உயிரியல் பூங்கா விலங்குகளையும், ‘பெட் பால்ஸ்: அனிமல் டாக்டர்’ பெரும்பாலும் வீட்டு விலங்குகளையும் நோயாளிகளாக்கின.

இவற்றின் உண்மையான பயன், மருந்தின் பெயர்களைக் கற்பதில் இல்லை; வரிசையாகச் சிந்திக்கப் பழகுவதில் இருக்கிறது. விலங்கு தன் வலியைச் சொல்லாது. ஆகவே வளர்ப்பவரிடம் விசாரிக்க வேண்டும், வெப்பநிலை பார்க்க வேண்டும், இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும், தேவையானால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனிதருக்குக் காய்ச்சல் எனத் தோன்றும் அந்த அளவு நாய்க்கு நலமே என்று அறியும் குழந்தை, ஒவ்வோர் உயிரையும் அதனதன் அளவுகோலால் அளக்கக் கற்றுக்கொள்கிறது. இது மிக நல்ல பாடம்.

குறையும் உண்டு. திரையில் பிராணி அசையாமல் நிற்கும், கடிக்காது, மிரளாது. கட்டணம் கட்ட முடியாமல் தவிப்பவரும் அங்கே அரிது.

பெற்றோர் உடனிருந்து ஒன்றை வலியுறுத்த வேண்டும்: வீட்டு விலங்குக்கு நோய் வந்தால் மருத்துவரிடமே கொண்டு செல்லுங்கள். நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையைக் கொல்லக்கூடியது.