காற்று ஏறட்டும், சார்!

பணியில் இருந்த காலத்தில் காலைப் பேருந்தில்தான் அலுவலகம் போவேன். ஓட்டுநர் இஞ்சினை ஓடவிட்டு, காற்றழுத்த முள் ஏறும்வரை வண்டியை எடுக்கமாட்டார். ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிட்டேன். "காத்து ஏறாம பிரேக் பிடிக்காது சார்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அந்தக் காத்திருப்புக்கு 150 ஆண்டு வரலாறு உண்டு. அந்நாளில் ரயிலை நிறுத்த, ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடிக் கையால் சக்கரம் திருகி பிரேக் போட்டார்கள். தவறி விழுந்து மாண்டவர்கள் பலர். அப்போது பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே மோன் செனி மலைச் சுரங்கத்தில், அழுத்திய காற்றைக் கொண்டு பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளி நிலப்படத்தில் பார்த்த அதே மலை! அச்செய்தியைப் பத்திரிகையில் படித்த அமெரிக்க இளைஞர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுக்குப் பொறி தட்டியது. நீராவியால் ஓடும் கம்ப்ரஸரை ரயில் இஞ்சினிலேயே பொருத்தி, 1869-இல் காப்புரிமை பெற்றார்.

அதில் ஒரு குறை. குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. 1872 வாக்கில் முறையைத் தலைகீழாக்கினார். பெட்டிதோறும் ஒரு காற்றுத் தொட்டி வைத்தார். குழாயில் அழுத்தம் இருந்தால் பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் தொட்டிக் காற்றே பிரேக்கை அழுத்திவிடும். பழுதானால் ஓடாதே, நில் என்பதே அதன் தத்துவம்.

பேருந்தில் இஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸரும் முதலில் தொட்டியைத்தான் நிரப்புகிறது. என் வருகைப் பதிவேட்டில் சில தாமதங்கள் உண்டு. அந்த ஓட்டுநரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டேன்.