திருவையாற்றுக்கு ஒரு பேருந்துச் சீட்டு

கையில் காசு குறைந்த நண்பருக்குக் கர்நாடக இசையை எங்கே அறிமுகம் செய்வது? சபாவில் அன்று, திருவையாற்றில் என்போம் நாம். தியாகராஜ ஆராதனைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. பேருந்துக் கட்டணம் போதும். பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கான குரல்களில் ஒருசேரக் கேட்கலாம்.

இந்த இலவசத்துக்கு ஒருவர் முன்பே விலை கொடுத்திருக்கிறார். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், கவனிப்பாரற்றுக் கிடந்த தியாகராஜர் சமாதியின் நிலத்தைப் பெற்று, தம் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பினார். அதற்குக் குடமுழுக்கும் நடந்தது. ஆராதனை நடத்திய ஆடவர் குழுக்களோ அங்கே பெண்கள் பாட இடந்தரவில்லை (கட்டியவருக்கே!). அவர் பெண்களைக் கொண்டு தனிக்குழு அமைத்துப் பாடினார்.

1952இல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே இருக்கிறது. கச்சேரி தொடங்குமுன் நண்பரை அங்கே அழைத்துச் செல்வோம்.