எது அசல் கில்ட்?

கில்ட் உடுத்தும் ‘முறை’ பற்றிய தகராறு ஸ்காட்லாந்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்தக் குலத்தார் எந்த டார்ட்டன் கட்டம் போடலாம், விளிம்பு முழங்காலில் எங்கே நிற்க வேண்டும், பை வைத்துத் தைத்த டெனிம் கில்ட்டெல்லாம் கில்ட்தானா என்று போகிறது பேச்சு. சகித்துக்கொள்ளலாமே என்கிறார்கள் தாராளவாதிகள். நல்ல மனசுதான். ஆனால் சகிக்கிற இடத்தில் ஒருவரையும் சகிக்கப்படுகிற இடத்தில் இன்னொருவரையும் உட்கார வைத்தது எது?

பழைய ஹைலேண்ட் மலைமக்கள் கட்டியது தைத்த உடையே அல்ல. நீளமான கம்பளித் துணியைக் கொசுவி, இடுப்பில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். ராத்திரிக்கு அதுதான் போர்வை. மேல்பாதி இல்லாத சின்னக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. அதைக் கொண்டுவந்தவர் அங்கே இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் என்கிறது 1785இல் அச்சான ஒரு கடிதம். மறுப்பவர்களும் உண்டு.

1746இல் கலோடன் போரில் கலகம் நசுக்கப்பட்டதும் இந்த உடைக்குத் தடை வந்தது. முதல் தடவை உடுத்தினால் ஆறு மாதச் சிறை, மறுபடியும் உடுத்தினால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசனின் படையில் சேர்ந்த ஹைலேண்ட் சிப்பாய்க்கு மட்டும் விலக்கு. அதாவது, அரசனுக்காகச் சாகிறவன் உடுத்தலாம். தடை நீங்கியது 1782இல்.

1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் ஊரே டார்ட்டனில் நின்றது. அரசனும் கில்ட் கட்டினான், உள்ளே இளஞ்சிவப்புக் காலுறையோடு! மலைக்காரனைத் திருடன் என்று ஏசிவந்த சமவெளிக் கனவான்களும் கட்டிக்கொண்டார்கள். பானக்பர்ன் வில்சன் நெசவாலையில் எண்ணாலும் ஊர்ப்பெயராலும் விற்ற கட்டங்களுக்குக் குலப்பெயர்கள் ஏறின. 1842இல் இரண்டு சகோதரர்கள் பழஞ்சுவடி என்று சொல்லி ஒரு டார்ட்டன் நூலையே வெளியிட்டார்கள். அது மோசடி. இன்றைய ‘குல டார்ட்டன்’கள் பலவற்றுக்கு அதுதான் மூலம்.

க்ளென்கேரித் தலைவர் மெக்டோனல் கதை இன்னும் கொடுமை. 1815இல் ‘உண்மையான ஹைலேண்டர்கள்’ சங்கம் தொடங்கியவர் அவர். 1822இல் எடின்பரோவில் கூடியவர்களின் உடை போலி என்று சண்டைக்குப் போனார். அதே ஆள்தான் தன் குடிகளை நிலத்தைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தார், ஆட்டுப்பண்ணைகளுக்காக. உடையின் தூய்மை அவருக்கு முக்கியம். அதை உடுத்திய ஜனங்கள் எங்கே போனாலும் சரி. சதர்லாந்தில் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். மக்களைத் துரத்துவதும் அவர்கள் உடையைக் கொண்டாடுவதும் ஒரே காலத்தில் நடந்தன.

இத்தனையும் கண்டுபிடிக்கப்பட்ட மரபு என்று 1983இல் ட்ரெவர்-ரோப்பர் கட்டுடைத்தார். எழுத்தில் கெட்டிக்காரத்தனம் உண்டு. ஆனால் அவர் ஸ்காட்லாந்துக்குத் தனி ஆட்சிமன்றம் கூடாது என்று வாதிட்டவர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். உடை போலி என்றால் கோரிக்கையும் போலியாகிவிடுமா என்ன? அசலைக் காப்பவரும் போலியை அம்பலப்படுத்துபவரும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள்: பழசாக இருந்தால் செல்லும், புதுசு செல்லாது.

சீக்கியர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் டார்ட்டன்கள் வந்துவிட்டன. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசுப் பதிவேட்டில் புதுக் கட்டங்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. முகம் சுளிப்பவர்கள், தாங்கள் உடுத்தியிருக்கும் கட்டத்துக்கு எந்த நெசவாலை எந்த ஆண்டு பெயர் வைத்தது என்று ஒருதடவை விசாரித்துக்கொள்ளட்டும்.