பொன்னும் சமன்பாடும்: கோலார் தங்கவயலை முன்வைத்துத் தமிழில் வேதியியல் கணக்கு

முன்னுரை

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் மூன்று கோணங்களில் பேசப்பட்டு வந்துள்ளது. ஆங்கில நிறுவனங்களின் ஆதிக்கம், தமிழ்த் தொழிலாளரின் போராட்டம், அயோத்திதாசப் பண்டிதரை ஒட்டி எழுந்த பௌத்த மறுமலர்ச்சி என்பன அவை. அம்மண்ணில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நாள்தோறும் நிகழ்ந்த ஒரு வேதிவினை அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. பாறைப்பொடியிலிருந்து பொன்னைக் கரைத்தெடுத்த சயனைடு வினையே அது. அவ்வினையைத் தமிழில் எண்ணிச் சொல்லும் மொழி எங்கே, எப்போது உருவானது, வினையைக் கையால் நிகழ்த்திய மக்களுக்கும் அம்மொழிக்கும் இருந்த தொலைவு எத்தகையது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தங்கவயலும் சயனைடு முறையும்

மைக்கேல் லாவெல் என்பவர் 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கோரினார். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் களமிறங்கியது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் மக்கள் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் தாதுப்பாறையை உலக்கை போன்ற இரும்பு இடிப்பான்களால் நொறுக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டனர். பாதரசத்தில் பொன்னின் ஒரு பகுதியே சிக்கியது. எஞ்சிய நுண்துகள் கழிவு மண்ணோடு சென்றது. 1887இல் கிளாஸ்கோ நகரில் ஜான் ஸ்டூவர்ட் மக்ஆர்தர், ஃபாரஸ்ட் சகோதரர்களோடு இணைந்து சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றார். தங்கவயலிலும் இம்முறை வேரூன்றியது. கழிவென ஒதுக்கிய மண்ணிலிருந்தும் பொன் கிடைத்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்படுவதற்குள் இவ்வயல் தந்த தங்கம் ஏறத்தாழ 800 டன் என்று மதிப்பிடப்படுகிறது.

எண்ணிப் பார்த்தல்

இவ்வினையின் சமன்பாடு, 1846இல் இதனை ஆராய்ந்த எல்சுனரின் பெயரால் வழங்கப்படுகிறது. அதனைக் குறியீடின்றிச் சொல்லாலே எழுதினால் பின்வருமாறு அமையும். தங்க அணு நான்கு, சோடியம் சயனைடு எட்டு, ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று, நீர் மூலக்கூறு இரண்டு ஆகியவை கூடி, சோடியம் தங்கச் சயனைடு நான்கும் சோடியம் ஹைட்ராக்சைடு நான்கும் ஆகின்றன.

இதனை ஒரு பற்றுவரவு ஏடாகக் கொள்ளலாம். சோடியம் சயனைடு ஒவ்வொன்றிலும் சோடியம், கார்பன், நைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்று உள. எனவே இடப்புறம் அவை எட்டெட்டு. ஆக்சிஜன் மூலக்கூற்றில் இரண்டு, நீர் இரண்டில் இரண்டு என ஆக்சிஜன் அணு நான்கு. நீரிலுள்ள ஹைட்ரஜன் நான்கு. தங்கம் நான்கு. வலப்புறத்தில் தங்கச் சயனைடு ஒவ்வொன்றும் ஒரு சோடியம், ஒரு தங்கம், இரண்டு கார்பன், இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கொண்டது. ஆகவே நான்கு தங்கச் சயனைடில் கார்பனும் நைட்ரஜனும் எட்டெட்டு, தங்கம் நான்கு, சோடியம் நான்கு. எஞ்சிய சோடியம் நான்கும், ஆக்சிஜன் நான்கும், ஹைட்ரஜன் நான்கும் ஹைட்ராக்சைடில் அமைகின்றன. வரவும் செலவும் ஒத்துப்போகின்றன. எடையால் நோக்கினும் அவ்வாறே. தங்கம் 788, சயனைடு 392, ஆக்சிஜன் 32, நீர் 36 என இடப்புறம் 1248 பங்கு. தங்கச் சயனைடு 1088, ஹைட்ராக்சைடு 160 என வலப்புறமும் 1248 பங்கு.

இக்கணக்கின் விதி ஒன்றே. மூலக்கூறின் முன்னுள்ள எண்ணை மாற்றலாம். உள்ளிருக்கும் எண்ணை மாற்றலாகாது. ஆக்சிஜன் போதவில்லை என்று நீரினுள் ஓர் ஆக்சிஜனைக் கூட்டி எழுதினால் அது நீரன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். யாப்பில் சீர்களைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். சீரினுள் ஓர் எழுத்தை மாற்றினால் சொல்லே வேறாகிவிடும். அதனோடு இவ்விதி ஒப்புநோக்கத்தக்கது.

சமன்பாடு உணர்த்தும் மற்றொரு செய்தியும் உண்டு. வினைக்கு முன் தங்க அணு நான்கு; பின்னும் நான்கே. சயனைடு பொன்னை ஆக்குவதில்லை. இருந்த பொன்னைக் கரைக்கிறது. பின்னர்த் துத்தநாகம் ஒரணு இரண்டு தங்க அணுக்களை அக்கரைசலிலிருந்து விடுவிக்கிறது. இரும்பைப் பொன்னாக்கும் இரசவாதக் கனவை இந்த எளிய எண்ணிக்கை மறுத்துவிடுகிறது.

அணு என்னும் சொல்

அணு என்ற கருத்து தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகரின் அணுக்கொள்கை கூறப்படுகிறது. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என அணு ஐவகைப்படும். அது புதிதாய்த் தோன்றாது, அழியாது, ஒன்று மற்றொன்றாகத் திரியாது என்பது அக்கொள்கை. நாற்பூத அணுக்கள் ஒன்று, முக்கால், அரை, கால் என்னும் விகிதத்தில் கூடும் என்றும், மிகுந்திருப்பதன் பெயரால் பொருள் வழங்கப்படும் என்றும் அங்குச் சொல்லப்படுகிறது.

இதனைக் கொண்டு தற்கால வேதியியல் முழுவதும் பண்டைத் தமிழர் அறிந்ததே எனக் கூறுவது பொருந்தாது. மணிமேகலை காட்டும் விகிதம் தருக்கத்தால் பெறப்பட்டது, தராசினால் பெறப்பட்டதன்று. 1789இல் லவாய்சியர் வினைக்கு முன்னும் பின்னும் எடை மாறாமையை அடிப்படையாக்கியதும், 1808இல் டால்டன் அணுவுக்கு எடை கற்பித்ததும், தொடர்ந்து பெர்சீலியஸ் எழுத்துக் குறியீடுகளை வகுத்ததும் வேறொரு வழியில் நிகழ்ந்தவை. ஆயினும் அழியாத அணு, விகிதத்தில் கூடும் அணு என்னும் கருத்துகளைத் தாங்கிய சொல் தமிழில் ஆயத்தமாக இருந்தது. பிற்காலச் சொல்லாக்கத்திற்கு அது பெருந்துணையாயிற்று.

சொல்லாக்க முயற்சிகள்

லாவெல் உரிமம் பெற்ற அதே பத்தாண்டில் தமிழில் வேதியியல் நூல் ஒன்று வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் 1847 முதல் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ அது. ஆண்டு 1875. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுதல், கிடையாவிடில் வடசொல்லை நாடுதல், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்பது அவர் கடைப்பிடித்த நெறி. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ 1938இல் வெளியாயிற்று.

இம்முயற்சிகளின் விளைவாக இருவேறு மரபுகள் நிலைபெற்றன. தமிழகத்தில் ஆக்சிஜன், இணைதிறன், ஒடுக்கம் என வழங்குவன ஈழத்தில் ஒட்சிசன், வலுவளவு, தாழ்த்தல் எனப்படுகின்றன. ஈழத்தார் சூத்திரம் என்பதைத் தமிழகத்தார் வாய்பாடு என்பர். வாய்பாடு என்ற சொல் யாப்பிலக்கணத்திலிருந்து வந்ததாகலின் தனிக் கவனத்திற்குரியது. தேமா, புளிமா என்பன தாம் குறிக்கும் மரங்களைப் பற்றியனவல்ல. ஓர் அமைப்பின் அடையாளங்கள். வேதி வாய்பாடும் அத்தகையதே.

பொன்னைப் பொறுத்தவரை தமிழில் அளவைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குன்றிமணி, மஞ்சாடி, கழஞ்சு என எடையும், மாற்று எனத் தரமும், கட்டளைக்கல் எனக் கருவியும் நெடுங்காலமாக வழங்குவன. எனவே தடை மொழியின் இயல்பில் இல்லை என்பது தெளிவு.

தங்கவயலின் வாசகர்

அவ்வாறாயின் தடை எங்கே இருந்தது? தொழிலாளர் படிப்பில் நாட்டமற்றவர் என்ற விடை ஏற்கத்தக்கதன்று. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் வட்டம் இருந்தது. 1914இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய நூல்களை அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை வெளியிட்டது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். சொல்லின் வேரையும் வரலாற்றையும் பற்றிய நுட்பமான விவாதங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த சமூகம் அது.

தடை தொழில் அமைப்பில் இருந்தது எனக் கருதலாம். கரைசலின் செறிவும் பொன்னின் அளவும் ஆய்வுக்கூடத்தின் ஆங்கில ஏடுகளில் இருந்தன. இடித்தலும் சுமத்தலும் தொழிலாளருக்கு உரியனவாயின. அவர்களிடமிருந்து நிருவாகம் வேண்டியது கைரேகையே. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தம் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. கலைச்சொல் ஆக்கிய சேலமும் தொழிலாளரை அனுப்பிய சேலமும் ஒரே மாவட்டம். எனினும் ஒன்றின் சொல் மற்றொன்றின் கைக்கு எட்டவில்லை.

ஏட்டில் ஏறாத மிச்சம்

சமன்பாட்டில் பொன்னும் சயனைடும் உண்டு, பாறை இல்லை. வினையில் பங்கேற்காமையால் அதனை எழுதுவதில்லை. ஆனால் ஆலைக்குள் சென்ற மண்ணில் மிகப் பெரும்பகுதி அதுவே. தங்கவயலில் 13 பெரும் மேடுகளாக அது குவிந்து கிடக்கிறது. சயனைடு டம்ப் என்றே மக்கள் அதனை வழங்குகின்றனர். கோடைக் காற்றில் அதன் தூசி குடியிருப்புகளில் படிகிறது. நிலத்தடியில் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் மணல்துகள் படிந்து விளைந்த சிலிக்கோசிஸ் நோயும் கணக்கில் ஏறாத மற்றொரு மிச்சம். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வு அந்நோய் பரவலாக இருந்ததைப் புலப்படுத்தியது.

கழிவு மேடுகளில் எஞ்சிய பொன்னை மீண்டும் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. அணுக்கணக்கு இனியும் அம்மக்களின் வாழ்வோடு தொடர்புடையது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அணுவை எண்ணிச் சமன்படுத்தும் கணக்கைத் தமிழ்ச் சொற்களாலேயே பிசகின்றி உரைக்க இயலும். அதற்கான சொற்கள் தங்கவயல் வளர்ந்த காலத்திலேயே உருவாகிவந்தன. அச்சொற்கள் பாடநூலுக்கென ஆக்கப்பட்டமையால், ஆலையில் உழைத்தவரை அடையவில்லை. கலைச்சொல் வரலாற்றை எழுதுவோர் அகராதிகளின் ஆண்டுகளை மட்டும் தொகுப்பது போதாது. ஒரு சொல் யாருடைய கைக்குச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும். இருபுறமும் ஒத்தால்தான் அது சமன்பாடு.